பெரியம்மாவின் மஞ்சள் சாறு

அக். 7, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். சம்பா நடவு பாதியில் நிற்கிறது. வலங்கைமானில் பஸ் ஏறும்போது குடைக்கம்பி போச்சு.

லேப்பில் என் ஆய்வு வழிகாட்டி மேடம்: "என்.ஆர்.எஃப்.2 நல்லதா கெட்டதா? ஒரே வரியில சொல்லும்மா."

இங்கே எழுதிப் பார்க்கிறேன். செல்லுக்கு நெருக்கடி என்றால் காப்பு மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம். நல்ல செல்லைக் காக்கும். புற்றுச் செல்லுக்குள்ளும் அதே வேலைதான். அங்கே நெருக்கடி, கீமோ மருந்து. அப்போது காப்பது புற்றை. ஒரே வரியில் எப்படி?

மதியம், தட்டில் வளர்த்த புற்றுச் செல்களுக்கு மஞ்சள் சத்து. அந்தப் புரதம் கூடியிருந்தது. உடனே அம்மா ஞாபகம்.

வீட்டில் பெரியம்மா, அப்பாவின் அண்ணி. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு பல வருடம் எங்கள் வாசலை மிதிக்காதவர். அம்மாவுக்கு மார்பில் புற்று என்று தெரிந்ததும் தூக்குவாளியோடு வந்தார். இப்போது கீமோ நடக்கிறது, தினமும் வருகிறார். பச்சை மஞ்சள் அரைத்த சாறு, மிளகு தட்டிப் போட்டு.

"சுளிக்காம குடி. நம்ம சண்டைய விடவா கசக்குது?"

அம்மா சிரித்தாள். இப்போதெல்லாம் சிரிப்பது இவர் வந்தால்தான்.

அக். 9, வியாழன்
ஒரு கட்டுரை, மஞ்சள் கீமோவுக்குத் துணை என்கிறது. இன்னொன்று, தடை. எல்லாம் தட்டிலும் எலியிலும். அம்மா இரண்டும் இல்லை.

மேடம்: "டாக்டரைக் கேளு."
அப்பா: "நீ படிச்ச புள்ள, நீ சொல்றதுதான். ஆனா அண்ணிகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

சொன்னால் பெரியம்மா மறுபடி போய்விடுவாரோ. சொல்லாமல் விட்டு, மருந்து பலிக்காமல் போனால்?

அக். 13, திங்கள்
தஞ்சாவூர். அம்மாவுக்கு கீமோ. டாக்டர் அறையில் கேட்காமலே வெளியே வந்துவிட்டேன். திரும்ப உள்ளே போய்ச் சாற்றைப் பற்றிக் கேட்டேன்.

"குழம்புல போடுற மஞ்சள் இருக்கட்டும். தினமும் இப்படி அடர்த்தியா வேண்டாம். மருந்தைக் கெடுக்கும்னு உறுதியா சொல்ல மாட்டேன். கெடுக்காதுன்னும் சொல்ல மாட்டேன்."

அவருக்கும் தெரியாதாம். கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் எரிச்சல்.

அக். 14, செவ்வாய்
வெயில். வாளியோடு பெரியம்மா. சொல்லிவிட்டேன். புரதம், நெருக்கடி என்று பாதி உளறல்.

"நான் வெஷமா குடுத்தேங்குற?"
"இல்ல பெரியம்மா. நல்லதுதான். அந்த நல்லத புத்தும் எடுத்துக்குமோன்னு சந்தேகம்."

பெரியம்மா வாளியை மூடிக்கொண்டு வாசலிறங்கினார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். வேலியோரம் சாற்றைக் கொட்டி, குழாயடியில் வாளியைக் கழுவினார்.

"நாளைக்கு என்ன கொண்டாரது?"
"சும்மா வாங்க, போதும்."
"நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடயாடி வருவாங்க?"

உள்ளேயிருந்து அம்மா: "இட்லி கொண்டாங்கக்கா. இவ அவிக்கிறது கல்லாட்டம் இருக்கு."