ஒரு சொல்லில் காலியான மண்டபம்

என் வீட்டு மகாராணிக்கு, நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

விழா நடத்துவதில் இங்கே என்னை மிஞ்ச ஆளில்லை. நேற்று கல்யாண மேடை ஆடுவதுபோல் காலுக்குப் பட்டது. மைக்கைப் பிடுங்கி "ஓடுங்க!" என்று ஒரு சொல்தான் சொன்னேன். மாப்பிள்ளை உட்பட ஆயிரம் பேர் மழையில் போய் நின்றார்கள். மேடைதான் கடைசிவரை விழவில்லை.

"விழுந்திருந்தா நீ பெரிய ஆளு. விழலையே, இப்ப என்னய்யா பண்றது?" என்றார் மண்டப முதலாளி.

அடுத்த வெள்ளிக்கிழமை பொறியாளர் வந்து பார்க்கிறார். மேடையில் குறையில்லை என்றால் எனக்கு வேலையில்லை. நீ பயப்படாதே, சிங்கம்போல்தான் இருக்கிறேன். ஆனால் ஆடியது மேடையா, என் முழங்காலா என்று இப்போது எனக்கே சந்தேகம்.

அந்த மூட்டுவலித் தைலம் ஒரு பாட்டில் அனுப்பு. வெள்ளிக்கிழமை போனைக் கையிலேயே வைத்திரு. நான் பேசாவிட்டாலும் நீ எதையாவது பேசிக்கொண்டிரு. முதலாளி கூப்பிடுகிறார், போகிறேன்.

உன் மாமா