நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம்

என் பிரியமுள்ள பாக்கியத்துக்கு,

இது நானே எழுதுவது. நீ நம்ப மாட்டாய். யாரையும் கூப்பிட்டு எழுதித் தரச் சொல்லவில்லை. இந்த மூன்று வரிக்குள் காபி ஆறிவிட்டது, ஆறட்டும். எழுத்து ஒவ்வொன்றாய் வந்து வரியில் உட்காரும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. எழுபத்துமூன்று வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் நினைத்தது?

ஆனால் அதைச் சொல்ல உட்காரவில்லை. நம் ஆமை நாளைக்குப் போகிறது. நானே தூக்கிக்கொண்டு போய் வனத்துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை, பாக்கியம். அதனால்தான் உன்னிடம் வந்திருக்கிறேன்.

எல்லாம் என்னால் வந்தது. இங்கே வாகட்டில், ஹிஞ்சேவாடி கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். நம் பேத்தியை, மலரின் மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். முதலில் வாசலில் இருந்தேன், அப்புறம் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். பிள்ளைகள், "தாத்தா, நீங்க எந்த ஸ்டாண்டர்டு?" என்று கேட்டார்கள். "ஃபர்ஸ்ட்டு" என்றேன். அவர்களுக்கு ஒரே சிரிப்பு.

வீட்டில் இருக்கும் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார் டீச்சர். பிள்ளைகள் டிவியையும் காரையும் எழுதின. நான் மூன்று வாரம் எடுத்து ஆமையை எழுதினேன். ஊரிலிருந்து வரும்போது குண்டக்கல் தாண்டி ரயில் முள்காட்டில் நின்றது, நீ காலாற இறங்கினது, பாதித் தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஒன்றைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு ஏறினது, அதன் முதுகெல்லாம் மஞ்சள் நட்சத்திரம் போட்டிருந்தது. எல்லாம் எழுதினேன்.

என் அம்மா வந்து, ஆமை இருக்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு நின்றாளே, அதையும் எழுதினேன். "அத்தை, நம்ம ஊருக்குத்தான் ஆமை ஆகாது. இந்த ஊருல சாமியே அது மூஞ்சியிலதான் முழிக்குது" என்றாய். கோயிலுக்குக் கோயில் சாமிக்கு எதிரே கல் ஆமை கிடக்கிற ஊர்தானே இது. அம்மா ஊருக்குப் போன மறுநாளே அதற்கு அத்தை என்று பேரும் வைத்துவிட்டாய். நாம் அப்போது இருந்த தாபோடி லைன் வீடுகள் முழுக்க அதைத் தொட்டுக் கும்பிட்டுப் போகும். அது இருக்கக் கூடாத வீடு இது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, நமக்கும்தான்.

நான் வாசித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் என் பக்கத்தையும் ஆமையின் படத்தையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அன்று சாயங்காலமே ஒரு பிள்ளையின் அப்பா வீடு தேடி வந்துவிட்டார். நல்ல மனுஷன். படத்தைக் குரூப்பிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"ஐயா, இது நட்சத்திர ஆமை. வீட்ல வச்சிருக்கறதே குத்தம். புலிக்கு என்ன சட்டமோ அதேதான் இதுக்கும். யாராவது கம்ப்ளைண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே போய்க் குடுத்துடுங்க."

புலியை யார் தம்பி டப்பாவில் போட்டுக் கொண்டுவர முடியும் என்றேன். சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

அந்தச் சட்டத்தைத் தமிழில் தாளாக எடுத்துக் கொடுத்தார். வரிக்கு வரி விரலை வைத்து நான்கு நாள் படித்தேன். எங்காவது ஒரு வரி இருக்காதா, ஒரு கிழவனுக்கு, வீட்டிலேயே வயசாகிப்போன ஒரு பிராணிக்கு? இல்லை. காட்டு விலங்கு அரசாங்கத்தின் சொத்து என்று இருக்கிறது. அரசாங்கத்தின் சொத்தை நீ வெள்ளிக்கிழமை தவறாமல் குளிப்பாட்டியிருக்கிறாய். கையில் கிடைத்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டுமாம். நமக்கு முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது.

சட்டத்தின் மேல் கோபம் வருகிறதா என்றால், வரவில்லை. படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த முள்காட்டில் அதற்கென்று ஒரு துணை இருந்திருக்கும். முப்பத்தொரு வருஷமாகத் தன் இனத்தில் ஒன்றை அது கண்ணால் பார்க்கவில்லை. நாம் செல்லம் கொடுத்ததாக நினைத்தோமே, அது என்ன நினைத்ததோ?

வனத்துறைக்கு போன் போட்டேன். மீட்பு மையத்தில் தனியாக வைத்துப் பார்ப்பார்களாம். நான் வந்து பார்க்கலாமா என்றேன். "பெரியவரே, இது மிருகக்காட்சி சாலை இல்லை" என்றான் போனை எடுத்தவன், இந்தியில். சாப்பிடுமா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

மலர் முதலில் ஆற்றில் விடச் சொன்னாள். தரையில் நடக்கிற ஜீவன், மூழ்கிச் செத்துப்போகும் என்றேன். அவளைக் குறை சொல்லாதே. கேஸ் என்ற பேச்சு அவள் கம்பெனிக்குப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயம். அழுதுகொண்டேதான் சொன்னாள். "அம்மாதானப்பா புடிச்சாங்க. அம்மா பேரையே எழுதிக் குடுத்துடுங்க. அம்மாவ இனிமே யாரு என்ன பண்ண முடியும்?"

எழுதினேன், பாக்கியம். உன்னிடம் மறைக்க மாட்டேன். இதைப் பிடித்து வந்தது காலமான என் மனைவி, வளர்க்க எனக்கு இஷ்டம் இல்லை என்று எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை. கட்டிலுக்கு அடியில் காலில் இடறும்போதெல்லாம் தூக்கி எறி என்று நான் கத்தாத நாள் உண்டா? பிழை இல்லாமல், கோணாமல் வந்திருந்தது. டீச்சர் பார்த்தால் மெச்சியிருப்பார். திருப்பிப் படித்தேன். இதற்கா இந்த வயசில் எழுதப் படித்தேன்?

கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். இந்த ஆமையை நான் வளர்த்தேன், குற்றம் என்று அப்போது தெரியாது, இப்போது தெரியும் என்று எழுதினேன். கையில் வைத்து நீட்டினால்தான் தின்னும், கொஞ்ச நாளைக்கு யாராவது நீட்டுங்கள், இதன் இனத்தோடு விட முடிந்தால் விடுங்கள் என்றும் எழுதினேன். நீ போய் இரண்டு வருஷமாக நான்தானே நீட்டுகிறேன். அன்றைக்கு ரயிலில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்ததும் நான்தானே.

நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. ஜெயில் என்றும் தாளில் இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. என்னை உள்ளே வைப்பார்களோ, அது தின்னாமல் கிடக்குமோ, எது முதலில் நடக்கும்? தெரியாது. ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். எந்த ஆபீசில் எத்தனை தாள் நீட்டினாலும், யார் எப்படிக் கேட்டாலும், குற்றம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உன் பேரை எழுத மாட்டேன்.

உன் பேரை எழுதத் தெரிந்துகொண்ட உன் வீட்டுக்காரன்,
முனியாண்டி