முதல் வார்த்தையை மட்டும் படித்தவன்

1984 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மணி மூன்று நாற்பது. ரப்பர்த் தோட்டத்து மண்டபத்தில் டிவிக்கு முன்னால் நாற்பத்து மூன்று பேர். கைக்குழந்தைகளைச் சேர்க்கவில்லை. அதில் ஒருவர்கூட உங்களுக்காக வாய் திறக்கவில்லை அக்கா. என்னையும் சேர்த்தால் நாற்பத்து நான்கு.

படம் ஆடுகிறது என்று ஈப்போவிலிருந்து என்னை வரச் சொல்லியிருந்தார்கள். பின்பலகையைக் கழற்றினேன். ஓர் இணைப்பு விட்டுப்போயிருந்தது. ஈயத்தை உருக்கி ஒட்டினேன். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உங்கள் குரல் கேட்டது. "என்னா மெக்கானிக்கு, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லு." ஒன்பது வருஷத்துக்கு முந்திய குரல். நீங்கள் செத்தே ஒன்றரை வருஷம் ஆகிறது.

இப்படி ஒரு கடிதம் எழுதுவது முட்டாள்தனம், தெரியும். ஆனால் இன்றைக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் எதையாவது உடைத்துவிடுவேன்.

நாடகம் தொடங்குவதற்கு முன் திரையில் எழுத்து வந்தது: உண்மைச் சம்பவத்தைத் தழுவியது. இரண்டு பாகம், இது முதல் பாகம். ஒரு தோட்டம், ஒரு கட்சித் தலைவர், கைநாட்டு வைத்து ஏமாந்த ஜனம். பத்து நிமிஷத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. நம் தோட்டம். நம் போராங், நாம் கைநாட்டு வைத்த அந்த மனுத்தாள். தலைவர் யார் என்பதும் தெரிந்தது, ஆனால் டிவியில் வந்த தலைவர் அப்பாவி. ஜனங்களுக்காகக் கண்ணீர் விடுகிறார். அவரை ஏமாற்றியது ஒரு பெண். பால்மரம் வெட்டுகிறவள், பளபளவென்று சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தலைவரின் காரில் முன் சீட்டில் ஏறுகிறாள். எல்லாரையும் கைநாட்டு வைக்கச் சொல்லிவிட்டு, தனியாகத் திரும்பிச் சிரிக்கிறாள்.

அது நீங்கள்.

மண்டபத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்த நடிகை வெட்டுக் கத்தியைப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு லாரி ஓட்டும் முனியாண்டி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். விடியற்காலையில் வடிகிற பாலை உச்சி வெயிலில் நின்று வெட்டுகிறாளே, அது மரமா இல்லை பைப்பா என்று கேட்டார். இருட்டில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு மணியடிக்கும்போது ஆள்கள் வெயிலுக்குக் குடை பிடித்து வருவதைப் பார்த்துப் பெண்கள் கைதட்டினார்கள். வாளியில் ஊற்றியது பால் இல்லை, மாவு கரைத்த தண்ணீர் என்று பின் வரிசையில் ஒருவர் கண்டுபிடித்தார். சின்னப் பொய் ஒன்றுகூட அவர்களிடம் தப்பவில்லை அக்கா. அவள் காரில் ஏறியபோது மட்டும் மண்டபம் அமைதியாகிவிட்டது. அந்தப் பெரிய பொய்யை அப்படியே விழுங்கினார்கள்.

பிறகு பேச்சு தொடங்கியது. முனியாண்டி அண்ணன்தான் முதலில். "எனக்கு அப்பவே டவுட்டுலா. புதன்கிழமை ஆனா மத்தியானம் டவுனுக்குப் போயிருவா. சும்மாவா போவா?"

புதன்கிழமை மத்தியானம் நீங்கள் எங்கே போனீர்கள் என்று அவருக்குத் தெரியாதா? அவர் லாரியிலேயே எத்தனை தடவை காம்பார் வரை போயிருப்பீர்கள். அங்கிருந்து பஸ், ஈப்போவில் பதிவு அலுவலகம். கூடவே, ஏமாந்தது தெரிந்த பிறகு குடியுரிமைக்கு உண்மையான மனுப் போட, இரண்டு பேர், மூன்று பேர். விடியற்காலையிலிருந்து மரம் வெட்டிவிட்டு, குளித்து, ஈரத் தலையோடு. அப்படிக் கூட்டிக்கொண்டு போன ஆள்களில் ஒருவர் பாக்கியம் அக்கா. இன்றைக்கு முதல் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் டிவிக்குப் பின்னாலிருந்து எட்டிக் கேட்டேன், உங்கள் நீல ஐசி, குடியுரிமை அட்டை, எப்படிக்கா வந்தது என்று.

"அது கவர்மெண்டு குடுத்தது தம்பி," என்றார். "டிவியில காட்டுறான்லா. இல்லாதத காட்டுவானா?" என்றார்.

பிளக் என் காலடியில் இருந்தது. பிடுங்கவில்லை. ஏன் என்று இந்தக் கடிதத்தில் சொல்லத்தான் போகிறேன்.

அந்த நாளுக்குப் போவோம். எனக்குப் பத்தொன்பது வயது. தொழிற்பள்ளிச் சான்றிதழ் வாங்கி மூன்று மாதம். லயத்து வரிசை வீடுகளில் உங்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே பலகைச் சுவர். நான் ரேடியோவைப் பிரித்துப் போட்டால் நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்தே கிண்டல் பண்ணுவீர்கள். "அதுக்குள்ள இருக்கிற ஆளுங்களுக்குச் சோறு போட்டியா மெக்கானிக்கு?"

தலைவர் ஜீப்பில் வந்தார். மண்டபத்து வாசலில் மேசை போட்டார்கள். ஊதா மை, ஒரு கட்டு போராங். சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் எல்லாருக்கும் குடியுரிமை வாங்கித் தருகிறேன், கைநாட்டு வையுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பேசினார். ஜனங்கள் மேசையைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் தமிழில் ஆறாவது வரை படித்தவர், எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் செய்வீர்கள். நீங்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தீர்கள், மலாய் எனக்குத் தெரியும் என்பதால்.

என் பற்றவைக்கும் இரும்பு சூடாகியிருந்தது. ஈயம் சொட்டத் தயாராக இருந்தது. நான் தலையை முழுக்கத் திருப்பக்கூட இல்லை. மேலே பெரிய எழுத்தில் இருந்த ஒரு வார்த்தையைப் படித்தேன். பெர்மோஹோனான். "மனுதான்கா. வைக்கச் சொல்லுங்க."

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வார்த்தை இருந்தது. கெஆலியான். உறுப்பினர் ஆவதற்கான மனு. குடியுரிமைக்கு வேறு வார்த்தை, நீளமான வார்த்தை, கண்ணில் படாமல் போகாது. அது அந்தத் தாளில் எங்குமே இல்லை. ஒரு விநாடி அதிகம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு விநாடியை நான் கொடுக்கவில்லை.

நீங்கள் திரும்பிப் போய், மனுதான், வைங்க என்றீர்கள். அறுபத்தொரு பேர் வைத்தார்கள். தலைவர் அந்த அறுபத்தொன்றையும் தன் கட்சிக் கிளையில் சேர்த்து, அந்த வருஷக் கட்சித் தேர்தலில் ஜெயித்தார். நம் ஆள்கள் நீல அட்டை வரும் என்று பதினொரு மாதம் காத்திருந்தார்கள். அதற்குள் உங்கள் வீட்டுக்காரருக்கு வேலை பெர்மிட் முடிந்தது. மனு போட்டிருக்கிறேன் என்று அவர் ஈப்போவில் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு மனு வரவே இல்லை என்றார்கள். பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி இந்தியாவுக்குக் கப்பலேறினார். திரும்பி வரவில்லை, வர விடவில்லை. உங்கள் சாவுக்குக்கூட அவரால் வர முடியவில்லை.

நீங்கள் ஈப்போவில் கட்சி அலுவலகத்துக்குப் போய், அந்தத் தாளின் நகலை வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்த மாலை எனக்கு மறக்காது. பதிவு அலுவலக அதிகாரி இரண்டாவது வார்த்தைக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். நீங்கள் கத்துவீர்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நான் எல்லாரிடமும் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"நீ வாயத் தொறக்காத. இப்பத்தான் வேலைக்கி எழுதிப் போட்டிருக்க. படிக்கத் தெரியாத மெக்கானிக்குன்னு பேரு வந்துச்சுன்னா எவன் எடுப்பான்? நான் மரம்தானே வெட்டுறேன். மரம் என் பேரா கேக்குது?"

நானும் சரி என்றேன். ஒரு தடவைகூட மறுக்காமல், அவ்வளவு சீக்கிரமாக.

அடுத்த ஞாயிறு தலைவருக்குப் பாராட்டுக் கூட்டம். மாலையோடு உட்கார்ந்திருந்தார். நீங்கள் எழுந்து நின்றீர்கள். எல்லார் முன்னாலும், சத்தம் உயர்த்தாமல் கேட்டீர்கள். "வைங்கன்னு சொன்னது நான். என் தப்ப நான் ஒத்துக்கிறேன். உங்க தப்ப நீங்க எப்ப ஒத்துக்குவீங்க?" மறுவாரம் பத்திரிகையில் வந்தது. தலைவருடைய பதவி போயிற்று. நான்கு வருஷம் வெளியே தலை காட்டாமல் இருந்துவிட்டு, புதுச் சட்டையோடு திரும்பி வந்தார். இப்போது ஈப்போவில் பெரிய அலுவலகம், வாசலில் ஜனங்கள் உட்கார நீள பெஞ்சு.

நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் நாடகக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'வைங்கன்னு சொன்னது நான்.' மீதியை வெட்டிவிட்டார்கள். யார் அவர்களுக்குக் கதை சொல்லிக் கொடுத்தார் என்று எனக்கு ஆதாரம் இல்லை. சந்தேகமும் இல்லை.

நீங்கள் அன்று என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர்களால் இந்த நாடகத்தை எடுத்திருக்க முடியாது. ஒரு பெண் தானே தப்பை ஏற்றுக்கொண்டாள் என்பதால்தான் அவளைக் காரில் ஏற்றுவது அவ்வளவு சுலபமாக இருந்தது. பிளக்கை நான் பிடுங்காததற்கும் அதுதான் காரணம். பிடுங்கினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டிவரும். பயந்தேன். இருபத்தெட்டு வயது, கடையில் எனக்குக் கீழே இரண்டு பேர், இன்னும் பயம்.

முனியாண்டி அண்ணன் போகும்போது தோளில் தட்டி, "நல்லா ரிப்பேர் பண்ணிட்டடா, முகமெல்லாம் தெளிவாத் தெரிஞ்சிச்சு," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பல்லை உடைத்திருக்கலாம். அவர் பல்லை உடைத்து என்ன செய்ய? அவர் டிவியை நம்பினார். நான் உண்மை தெரிந்தும் டிவியை ஓட வைத்தேன்.

நீங்கள் இருந்தால் விட்டுடு தம்பி என்பீர்கள். விடமாட்டேன். எனக்குப் பழி வாங்க வேண்டும், இதற்கு நாகரிகமான வார்த்தை தேட எனக்கு நேரமில்லை. தலைவர் மேல், கதை எழுதியவன் மேல், நீங்கள் வாங்கிக் கொடுத்த நீல அட்டையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தவர்கள் மேல். அந்த வரிசையில் நானும் இருக்கிறேன் என்பதால் யாரையும் லேசில் விடப்போவதில்லை. அந்த நகல் என்னிடம்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதை எத்தனை தடவை முழுக்கப் படித்திருப்பேன் என்று தெரியாது. கடைசி வரி வரை மனப்பாடம்.

இரண்டாம் பாகம் அடுத்த ஞாயிறு. செய்யப்போவது இவை:

1. நாளைக் காலை உங்கள் வீட்டுக்காரருக்குக் கடிதம். இங்கிருந்து யாராவது இந்த அசிங்கத்தை எழுதிப்போடுவதற்குள் என் கடிதம் அவரிடம் போக வேண்டும். அவர் கப்பலேறியது யாருடைய அவசரத்தால் என்று முதல் வரியிலேயே எழுதுவேன்.

2. டிவி நிலையத்துக்குப் பதிவுத் தபால். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று, நகலின் நகலோடு. என் பெயர், என் ஐசி நம்பர், முகவரி. மொட்டைக் கடிதம் என்று தூக்கிப் போட முடியாது.

3. புதன்கிழமை அரை நாள் லீவு. தலைவரின் அலுவலகம். உள்ளே போகமாட்டேன். பெஞ்சில் காத்திருக்கும் ஜனங்கள் முன்னால் நின்று, ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் என்ன பேசப்போகிறேன் என்பதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வருவேன். முன்கூட்டிச் சொல்வது மரியாதைக்காக இல்லை. நாலு நாள் அவர் தூங்கக் கூடாது.

4. ஞாயிறு இரண்டரை மணிக்கு மண்டபம். டிவியை அணைத்துவிட்டு, அந்தத் தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பேன், மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. புதன்கிழமை யார் யார் உங்களோடு ஈப்போ போனார்கள் என்று பெயர் பெயராகச் சொல்வேன். பாக்கியம் அக்காவிலிருந்து தொடங்குவேன்.

5. அப்ப அக்காவுக்கு இத படிச்சுச் சொன்னது யாருடா என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். நான். சொல்லிவிட்டு அங்கேயே நிற்பேன். அறுபத்தொரு பேரில் யார் அடிக்க வந்தாலும் கையைத் தடுக்கமாட்டேன்.

6. அவர்கள் அடித்து முடித்த பிறகு டிவியைப் போட்டுவிடுவேன். இரண்டாம் பாகத்தைப் பார்க்கட்டும். இந்தத் தடவை யாராவது சிரிக்கிறார்களா என்று நான் பார்க்கிறேன்.