கைவிடப்பட்ட பிள்ளைகள் என்று ஒரு சொல்

1 ஜூலை, செவ்வாய்
விடாத மழை. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. பின்னேரம் மேற்பார்வையாளர் மேடத்துக்கு ஃபோன். எம்.எட். ஆய்வுத் தலைப்பு சரியாம்: தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பு. எழுதிய மூன்று பக்கமும் தள்ளுபடி.

"இதெல்லாம் உங்க சொந்தக் கதைங்க டீச்சர். மொதல்ல கலைக்களஞ்சியம், அகராதி பாருங்க. இந்த விஷயத்துக்கு என்னென்ன சொல் புழங்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

சொந்தக் கதைதான். அம்மா குவைத்துக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. வந்தபோது பதினாறு.

5 ஜூலை, சனி
மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் வரை பஸ்ஸில் நின்றபடி. குடையை மறந்துவிட்டேன். நூலகத்தில் உசாத்துணைப் பகுதி. வெளியே தரமாட்டார்கள், அங்கேயே குறிப்பெடுத்தேன். "புலம்பெயர் தொழிலாளர்" பார்த்தால், "குடும்பம்" பார்க்கவும் என்றிருந்தது. அங்கே அரைப் பக்கம். ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் "லெஃப்ட் பிஹைன்ட் சில்ட்ரன்". கலைச்சொல் அகராதியில் அதற்குத் தமிழ்: கைவிடப்பட்ட பிள்ளைகள். பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டேன். தேட ஒரு சொல் கிடைத்த சந்தோஷம்.

6 ஜூலை, ஞாயிறு
துணி காயவில்லை. மேசையில் நேற்றுக் குறிப்பெடுத்த கொப்பி திறந்து கிடந்திருக்கிறது. அம்மா எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு.

"ஒன்னய நான் கைவிட்டேனாம்மா?"

"நான் சொல்லலம்மா. அகராதியில இருக்கு."

"அகராதிக்கு யாரு சொன்னா?"

கொப்பியை மூடி வைத்தேன். அம்மா மத்தியானம் சாப்பிடவில்லை.

8 ஜூலை, செவ்வாய்
இரண்டு நாளாக அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். சொல்லை மாற்றலாமா என்று மேடத்திடம் கேட்டேன்.

"அகராதி தொடங்குற இடம்தாங்க. வேற அகராதியும் பாருங்க. எந்தச் சொல்ல எடுக்கிறீங்க, ஏன் எடுக்கிறீங்கன்னு மொதல் அதிகாரத்துல எழுதுங்க."

இணையத்தில் இன்னொரு அகராதி: விட்டுச்செல்லப்பட்ட பிள்ளைகள். பழையதை அடித்துவிட்டு எழுதினேன். ஆனால் அந்தப் பழைய சொல் எனக்குத் தப்பாகப் படவே இல்லை. அதை அம்மா கண்டுபிடித்துவிட்டாரோ என்றுதான் பயம்.

10 ஜூலை, வியாழன்
போயா, பௌர்ணமி லீவு. மூடுபனி. கொப்பியோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புதுச் சொல்லைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல எழுதுனதே இருக்கட்டும்."

"ஏம்மா?"

"நான் போன அன்னைக்கு நீ தூங்கிட்டு இருந்த. எழுப்புனா காலக் கட்டிக்கிருவன்னு எழுப்பாமலே போயிட்டேன்."

லயத்து வீட்டு வாசலில் நின்று, அம்மா போன வேனுக்குக் கையசைத்ததாகத்தான் இத்தனை வருஷமும் எனக்கு நினைவு.