வலி வந்த நாளின் ரத்தம்

ஜூலை 14, திங்கள்
விடாத சாரல். ஏலக்காய் பறிக்கப் போகவில்லை. குளிர் எனக்கு ஆகாது, வலி வந்துவிடும். துணி எதுவும் காயவில்லை.
தேனி ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா போன். அரிவாள் செல் நோய் உள்ள என்னைப் போன்றவர்களுக்கு ரத்தம் ஏன் உள்ளேயே கட்டிக்கொள்கிறது என்று ஆராய்கிறார். நன்றாக இருந்தபோது ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டேன். வலி வந்த நாளின் ரத்தம்தான் இன்னும் யாரிடமும் கிடைக்கவில்லையாம். வலியோடு மலை இறங்கி யார் போவார்கள்? கட்டாயமில்லை, இதனால் உங்களுக்குக் குணமாகும் என்றும் சொல்லமாட்டேன் என்றார். ஒளிக்காமல் சொன்னது பிடித்தது.
தம்பி முருகனுக்கும் இதே நோய். போன வருஷம் நுரையீரலில் ரத்தம் கட்டித்தான் போனான். வலி வந்தால் வருகிறேன் என்றுவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்
புளி தீர்ந்தது. ரசம் இல்லை.
வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தார்.
"ஒடம்புல இருக்கறதே கொஞ்சம் ரத்தம். அதையும் குடுத்துட்டு வர்றேங்குற."
ஜீப்பு ஓட்டுகிறவர். அவர் இல்லாமல் இறங்க முடியாது. நானும் விடவில்லை.

ஜூலை 17, வியாழன்
விடியும்போதே வலி. முழங்கால், இடுப்பு. எலும்புக்குள் திருகாணி முறுக்குவது போல. மாத்திரை போட்டும் அடங்கவில்லை. எஸ்டேட் டிஸ்பென்சரிக்கே போகலாம் என்றார் வீட்டுக்காரர். தேனிக்கு என்றேன்.
"வண்டி குலுங்குனா தாங்குவியா?"
"முருகன இங்கனயே படுக்க வச்சுத்தான பறிகுடுத்தோம். வெரசா வண்டிய எடுங்க."
எடுத்தார். போடிமெட்டு வளைவு ஒவ்வொன்றிலும் பல்லைக் கடித்துக்கொண்டேன். போடி வந்ததும் நல்ல வெயில்.

ஜூலை 19, சனி
ஆஸ்பத்திரிக் கட்டில். கை வீக்கம், எழுத்துக் கோணல்.
வந்த அன்றைக்கு முதலில் வலிக்கு மருந்து. பிறகு, ட்ரிப்ஸுக்குக் குத்திய ஊசி வழியாகவே ஆராய்ச்சிக்கும் ரத்தம். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் குறைவு. ஸ்கேன். என் நுரையீரலிலும் சின்னதாக ஒரு ரத்தக்கட்டி. நெஞ்சில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ரத்தம் மேலும் கட்டாமலிருக்க ஊசி போடுகிறார்கள். நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டரம்மா. முருகனை நினைத்து அழுதேன். தூங்கினேன்.

ஜூலை 21, திங்கள்
வலி பாதி குறைந்தது. கஞ்சியில் உப்பில்லை. பக்கத்துக் கட்டில் அக்கா ஊறுகாய் தந்தார்.
ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் ரத்தமும் வேண்டுமாம். வராந்தாவில் வீட்டுக்காரர் குரல்.
"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எங்கிட்ட எடுத்துக்கங்க."
முழங்கையில் பஞ்சோடு உள்ளே வந்தார். வலித்ததா என்றேன்.
"லேசா" என்றார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.