நடுமரம்

பருத்தித்துறை
02.02.2025

அன்பு மகன் ஜெரிசனுக்கு,

ஆண்டவர் காவலில் நானும் அம்மாவும் சுகம். ரொறன்ரோவில் பனி கடுமை என்று அறிந்தோம். நீயும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். இனி, நான் எழுத நேர்ந்த காரணங்கள்:

1. 28.12.2024: கீரிமலைப் பக்கத்து உல்லாச விடுதியாரிடம் எங்கள் கட்டுமரத்தைத் தருவதாக, எவரையும் கேளாமல் வாக்களித்தாய்.
2. 11.01.2025: அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விமானம் ஏறினாய்.
3. 19.01.2025: நாங்கள் ஞாயிறு பூசைக்குப் போயிருந்த வேளை லொறி வந்தது.

கால்வலியால் வீட்டில் நின்ற இராசாத்தி மாமி வெளியே வந்து, மணலில் அவிழ்த்துக் கிடந்த மூன்று மரங்களில் தன் மரத்தின்மேல் இருந்துகொண்டாளாம். "இது என்ரை, அது அண்ணையின்ரை. நடுவிலை கிடக்கிறதுதான் அவன்ரை. அதைத் தூக்குங்கோ தம்பிமார், மிச்சத்திலை கை வைச்சியளெண்டால் நானும் லொறியிலை ஏறுவன்" என்றாளாம். அவர்கள் நடுமரத்தை மட்டும் கொண்டுபோனார்கள். அதில் பிழை காண மாட்டேன். உன் சித்தப்பா கனிசியஸ் கடலில் போனபின், நீ அவன் ஞானஸ்நானப் பிள்ளை என்று அவன் பங்கான நடுமரத்தை உனக்குக் கொடுத்தவர் உன் அப்பப்பாவே. கொடுக்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் நீ கொடுத்தது மரத்தை மட்டுமன்று.

விடுதிக்கு நேரில் போனேன். முகாமையாளர் செவ்விளநீர் வெட்டித் தந்து மரியாதையாக அழைத்துப்போய்க் காட்டினார். வாசலில் அந்த ஒற்றை மரத்தை நிறுத்தி, பக்கத்தில் 'கட்டுமரம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். இளநீரைக் குடிக்காமல் திரும்பினேன். உன் நாட்டில் அந்தப் பெயருக்கு இரட்டை உடல் கொண்ட வெள்ளைச் சொகுசுப் படகு என்று பொருளாம், நீதான் சொன்னாய். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் எங்கள் கரையில் பிறந்தவர்களல்லர். நீ பிறந்தவன். தொலைபேசியில் "மூண்டு மரத்துக்கு ஏனப்பா இவ்வளவு கோவம்" என்று கேட்டாய். அப்போது நான் பதில் சொல்லாததற்குக் காரணம், சொல்லியிருந்தால் இன்று இக்கடிதம் எழுத முடியாத அளவுக்குச் சொல்லியிருப்பேன் என்பதே.

அப்பப்பா சந்தியோகு கரை சேர்ந்ததும் பாயைச் சுருட்டுவார், கயிற்றை அவிழ்ப்பார், மூன்று மரத்தையும் மணலில் வெவ்வேறாகக் காயவிடுவார். அவிழ்த்துக் கிடக்கும்வரை அதைக் கட்டுமரம் என்று சொல்ல எங்களை விடமாட்டார். அவை வெறும் மரங்கள். மரத்துக்கொரு பிள்ளையாக எங்களை இருத்துவார்: வலப்பக்கம் நான், இடப்பக்கம் இராசாத்தி, நடுவில் கனிசியஸ். வெயில் தாழ்ந்ததும் கயிற்றோடு வந்து "கட்டுவமோ?" என்பார். மூவரும் "ஓம்" என்ற பிறகுதான் முதல் முடிச்சு. ஒருமுறை பெருநாள் உடுப்புக் கிடைக்காத கோபத்தில் இராசாத்தி வாயே திறக்கவில்லை. அப்பப்பா அவளை ஏசவில்லை; கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மறுநாள் மீன் இல்லை. பருப்பும் சோறும் தின்ற கனிசியஸ், "அவளுக்குச் சட்டையைத் தைச்சுக் குடுங்கோ அப்பு, எனக்கு மீன் வேணும்" என்று அழுதான். சட்டை தைக்கப்பட்டது. அந்தப் பச்சைச் சட்டையோடு அவள் சொன்ன "ஓம்" கரை முழுவதும் கேட்டது.

கனிசியஸின் ஆண்டுத் திருப்பலி பங்குனி 15. ஒவ்வோர் ஆண்டும் அன்று மரங்களைக் கட்டிப் பாய் விரித்து அவனுக்குப் பூப்போட்டு வருகிறோம். நீ தொலைவில் இருப்பதால் உன் "ஓம்" இருப்பதாகவே இதுவரை எண்ணிக் கட்டினேன். இனி எண்ணமாட்டேன். இரண்டு மரங்கள் மணலில் கிடக்கின்றன, நடுவில் இடம் விட்டிருக்கிறேன். மாமி தினமும் வந்து தன் மரத்தில் இருக்கிறாள்.

குளிருக்குக் காதை மூடு. பூசையைத் தவறவிடாதே. மாதா உன்னைக் காப்பாராக.

நீ சம்மதித்தால் விடுதியாரோடு நானே பேசி நடுமரத்தை மீட்பேன். உன் பதில் 28.02.2025இற்கு முன், உன் கைப்பட எழுதி எனக்குக் கிடைக்க வேண்டும். தொலைபேசியில் சொல்வதை ஏற்கமாட்டேன். ஒரு சொல் போதும். கேள்வி இது:

கட்டுவமோ?

உன் அப்பா,
ச. கிறகோரி