பெயரை மாற்றிச் சொன்ன பெட்டிகள்

மாப்ளே,

நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப் போவதில்லை. பெரியாற்றின் மேல் ஆணையாக முதலிலேயே உறுதி சொல்லிவிடுகிறேன். என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து நீயும் நான் சொன்ன எதையும் நம்பியதில்லை. ஆகவே இந்தக் கதைக்கு உன்னைவிடத் தகுந்த ஆள் எனக்கு இல்லை. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பது ஒரு சின்ன இடைஞ்சல், அவ்வளவுதான்.

இன்று காலை தோட்டத்து லயத்து வீடுகளின் கோடியில், நாம் புத்தகமும் பேப்பரும் படிக்கும் வாயனசாலையைத் திறந்தேன். ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் மிச்சம். அதன் மேல் உன் பழைய கம்பளி, மேசைக்கு அடியில் நீ மாட்டிய குண்டு பல்பு. சுவிட்சைப் போட்டதும் தூசி சூடேறும் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் சேர்ந்து எழுந்தன. நீயே உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டதுபோல் இருந்தது. நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

வண்டிப்பெரியாரில் மழைக்காலத்தில் இறங்கும் மஞ்சு மூட்டம் உனக்கு மறந்திருக்காது. கதவு திறந்திருந்தால் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடும். வாயனசாலைக் கமிட்டிக் கூட்டத்துக்கு ஆள் போதாத நாளில் பிரசிடெண்ட் சார் மஞ்சையும் தலை எண்ணிச் சேர்த்துக்கொண்டு கூட்டத்தைத் தொடங்குவார். ஒரு தடவை மஞ்சு தீர்மானத்தை எதிர்த்துக் கை தூக்கியதாகவும் எனக்கு ஞாபகம். மூடிப்போன ஒரு ஆபீஸிலிருந்து சும்மா கிடைத்த பழைய கம்ப்யூட்டர்கள். ஈரம் ஏறாமலிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் நீ ஒரு பல்பை எரியவிட்டிருந்தாய். வெளியே நின்று பார்த்தால், மேகத்துக்குள் யாரோ கோழிமுட்டை அடைவைத்த மாதிரி மஞ்சள் வெளிச்சம்.

புது விண்டோஸைச் சுமக்க அந்தப் பெட்டிகளுக்குத் தெம்பில்லை. அதற்குப் பதிலாக நீ சும்மா கிடைக்கும் லினக்ஸைப் போட்டாய். திரையில் அதன் சின்னமான ஒரு பெங்குவின் வந்து உட்கார்ந்தது. நம் ஊர்க் குளிர் பிடித்துப்போய் அது திரையை விட்டு இறங்கித் தேயிலைக்குள் நடந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். நீதான், “மச்சான், அது காட்டுக்கோழி” என்றாய்.

சண்டை வந்தது ஒரு கோட்டினால். உலகத்தில் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் எது ஓடுகிறது என்ற கணக்கை வரைபடமாகப் போனில் கொண்டுவந்தார் சார். விண்டோஸின் கோடு மலைமுகட்டில் போயிற்று. லினக்ஸின் கோடு தரையில் அட்டைபோல் ஊர்ந்தது.

“லோகத்தில யாரும் உபயோகிக்காத சாதனம் நம்ம வாயனசாலையில எதுக்கு? எல்லாத்தையும் பழைய சாமான் வாங்குற ஆக்ரிக் கடைக்குப் போட்டுட்டு ஒரு கேரம் போர்டு வாங்கலாம்.”

உன் முகம் சுருங்கிப் போயிற்று. லயத்துப் பிள்ளைகள் வேலைக்கு மனுப் போடுவதும் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் எடுப்பதும் அந்தப் பெட்டிகளில்தான். அவை போனால் ஒவ்வொரு காகிதத்துக்கும் மலையிறங்கி டவுனுக்குப் போகவேண்டும். தெரிந்தும் நான் சாரின் பக்கம் சேர்ந்தேன். தங்கை புருஷன் எதைச் சொன்னாலும் எதிர்ப்பது மச்சானின் பிறப்புரிமை.

“கோடு பொய் சொல்லுமா மாப்ளே?”

“கோட்ட விடுங்க மச்சான். எண்ணுனவரு எங்க நின்னு எண்ணுனாரு, அதக் கேளுங்க.”

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நாம் பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவதுபோல, கம்ப்யூட்டரும் ஒவ்வொரு இணையதளத்தின் வாசலிலும் பேர் கொடுத்துவிட்டுத்தான் நுழையும் என்று நீ விளக்கினாய். எண்ணுகிறவர் சில வாசல்களில் மட்டும் உட்கார்ந்திருப்பார். சொன்ன பேரை எழுதிக்கொள்வார், மூடியைத் திறந்து பார்க்கமாட்டார். அந்த வாசலுக்கே வராதவர்கள் அவர் கணக்கில் பிறக்கவே இல்லை.

“பேரு கொடுத்தா ஆளு நின்ன மாதிரிதானப்பா?” என்றேன், விடாமல்.

கூடையோடு வாசலில் நின்ற என் தங்கை உள்ளே எட்டிப் பார்த்தாள். “ஆமாண்ணே. லீவு நாள்ல இவுகளும் எங்கூட வந்து கொழுந்து கிள்ளுவாக. எடை போடுறது எம் பேருல மட்டுந்தான். செக்ரோல் நோட்டப் பாத்தா நான் நாலு கை உள்ள பொம்பள.”

மஞ்சுகூடச் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. “செரி. நம்ம பெட்டிங்க லினக்ஸ்னுதானே பேரு சொல்லும்? நம்ம கணக்காவது அந்தக் கோட்டுல சரியா இருக்குமில்ல?”

நீ தலையைச் சொறிந்தாய்.

“இல்ல சார். இதுக எல்லாம் வாசல்ல விண்டோஸ்னுதான் சொல்லும். நாந்தான் அப்பிடிச் சொல்ல வச்சிருக்கேன்.”

ஹால் டிக்கெட் தளம் லினக்ஸ் என்ற பேரைக் கேட்டால் கதவைத் திறக்காதாம். லினக்ஸுக்காக ஊரில் தொண்டை கிழியப் பேசும் ஒரே ஆளான நீ, உன் படை மொத்தத்தையும் எதிர்க்கட்சிக் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தாய். கோடு உயர்ந்ததா என்று மாதாமாதம் பார்த்துப் பெருமூச்சு விட்டதும் நீதான்.

“ஒங் கோட்டு மேல நீயே ஏறி உக்காந்திருக்கியே மாப்ளே.”

“அது கெடக்கட்டும் மச்சான். பிள்ளைகளுக்கு டிக்கெட் வந்துச்சுல்ல.”

சார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு ரூம்ல தப்புன்னா லோகம் முழுக்கத் தப்புன்னு அர்த்தமா?”

“அது எனக்குத் தெரியாது சார். இந்தப் போனுக்கும் தெரியாது. அதத்தான் சொல்றேன்.”

சார் போனைச் சட்டைப்பையில் போட்டார். “கெடக்கட்டும். அதுகளா சாகிற வரைக்கும் ஓடட்டும்.”

பெரியாறு ஒரு கணம் ஓட்டத்தை நிறுத்திக் கைதட்டியது. பாலத்து மேல் போன ஜீப்புகள் அப்படியே நின்றன. கேட்டால் டிரைவர்கள் மறுப்பார்கள்.

பிறகு பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. போன மழையில் நீயும். இப்போது யார் எந்தக் கணக்கைக் கொண்டுவந்தாலும் நான் கேட்கிறேன்: “எண்ணுனவரு எங்க நின்னு எண்ணுனாரு?” டிவிக்காரனையும் விடுவதில்லை. “இவுக வாய ஒங்ககிட்ட குடுத்துட்டுப் போயிட்டாகண்ணே” என்று தங்கை முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பிள்ளைகள் இப்போது ஹால் டிக்கெட்டைப் போனிலேயே எடுத்துவிடுகிறார்கள். இந்தக் கடைசிப் பெட்டி யாருக்காகவும் பேரை மாற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே இன்று காலை, பெட்டிக்குள் நீ காட்டித் தந்த இடத்துக்குப் போய் அந்தப் பொய்ப் பேரை எடுத்துவிட்டேன். பெட்டி ஒரு வாசலில் போய் நின்று லினக்ஸ் என்றது. அவ்வளவுதான், தரையில் கிடந்த உன் கோடு சிலிர்த்து எழுந்து, மஞ்சைக் கிழித்து, விண்டோஸின் முகட்டைத் தாண்டி வானத்துக்குப் போயிற்று. தேயிலைக்குள்ளிருந்து பெங்குவின் ஈரக் காலோடு திரும்பி வந்தது.

பின்னால் நின்ற தங்கை என் போனில் வரைபடத்தைப் பார்த்தாள். “கோடு அப்பிடியேதான் கெடக்கு” என்றாள். கம்பளியை எடுத்து மடித்து, பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கோடு எழவில்லை, மாப்ளே. வந்தது காட்டுக்கோழிதான். அந்த வாசலில் எண்ணுகிறவர் இருந்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனால் உன் பெட்டி தன் சொந்தப் பேரைச் சொன்னது. அது ஒன்று மட்டும் நிஜம்.